உடைந்த ஊசியின் மிச்சத் துண்டு

இந்த ஊரில் திட்டுகிறவர்கள்கூட மரியாதையாகத்தான் திட்டுகிறார்கள். "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு எங்கீங்க இருக்குது? இத்தாச்சோட்டுப் பெரிய ஓட்டை தெரியலீங்களா?" என்று எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் சாந்தாமணி அக்கா ஒரு செக்கிங் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவர் கோபமாக இருக்கிறாரா சுகம் விசாரிக்கிறாரா என்று சட்டென்று பிடிபடாது. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் கோபம் வந்தால் முதலில் ஓடிப்போவது மரியாதைதான். இங்கே கோபம் ஏற ஏற 'ங்க' கூடுகிறது. குறைந்தால் பாசம் என்று அர்த்தம். நானோ எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற பிறவி. யாராவது மிகவும் மரியாதையாகப் பேசிவிட்டால், என்ன தப்புச் செய்தேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், கனடா, லண்டன் என்று போனவர்களுக்கும் என்னைத் தெரிந்திருக்காது. சின்ன வயதில் வள்ளத்தில் ஏற்றப்பட்டு, ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவள் நான். அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து லொறியில் திருப்பூர். இப்போது தாராபுரம் ரோட்டில் ஒரு முகாமில் இருக்கிறோம். இவர், என் வீட்டுக்காரர், பெயிண்ட் அடிக்கிறவர். எங்கள் முகாமில் ஆண்கள் பாதிப்பேர் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள். நான் பனியன் கம்பெனியில். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஏன் எழுத வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் இருக்கிற சித்தி மகள் போனில் நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, இதை எழுது என்றாள். எழுதலாமா, எழுதினால் யாருக்காவது பிரச்சினை வருமா என்று யோசித்து யோசித்து, பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கம்பெனியில் எனக்கு டிடெக்டர் ரூமில் வேலை. நாங்கள் தைப்பது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான சட்டை. தைக்கும்போது ஊசி உடைந்து முனை துணிக்குள் தங்கிவிட்டால், அங்கே ஏதோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்திவிடும் அல்லவா. அதனால் பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொரு சட்டையும் ஒரு மெஷினுக்குள் போய் வரவேண்டும். நடுவில் சின்னக் குகை மாதிரி ஒரு வாய், அதற்குள்ளே ஓடுகிற பெல்ட். சட்டையில் இரும்பு ஒரு துணுக்கு இருந்தால் பெல்ட் நின்று சிவப்பு விளக்கு எரியும். இல்லையென்றால் மறுபக்கம் போய் விழும். ஒவ்வொரு லாட் முடிந்ததும், 'இரும்பு இல்லை' என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். அந்த அறைக்குள் வளையல், ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் கூடாது. எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் கவலைதான். "இவங்களுக்கு ஒரு தடவ பாத்தாப் பத்தாதுங்க. மூணு தடவ பாப்பாங்க. அங்கியே உக்காரட்டும்" என்று சாந்தாமணி அக்காதான் மேனேஜரிடம் சொல்லி மாற்றிவிட்டார். ஏசி அறை. உட்கார்ந்து வேலை. வெளியே மெஷின்கள் போடுகிற இரைச்சல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இந்தக் கம்பெனித் தொழிலுக்கு நான் வந்த முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. அது வேறு கம்பெனி. ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட இடம். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கிற வேலை. கைமடி என்பார்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து முதலாளியின் அம்மா, "உள்ள வாங்க கண்ணு" என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரோ பெரியவர் வருகிறார் போல என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் மறுபடியும் "வாங்க" என்றார். நான் மறுபடியும் ஒதுங்கினேன். கடைசியில் அவரே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என் வயதுப் பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகாமில் எங்களை வரிசையில் நிற்க வைத்துக் கூப்பிடுகிறவர்கள் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டார்கள். அன்று மாலை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மரியாதை குடுக்கினம் எண்டு வாயைத் திறந்து எல்லாத்தையும் கதைச்சுப்போடாத" என்றார்.

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முகாமுக்கு வந்த புதிதில் பக்கத்து ஊரில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. முதலில் விசாரித்தது எங்கள் முகாமைத்தான். அப்பா யாரோ ஒருவர் அந்த வழியாகப் போனதைக் கண்டதாக உதவிக்குச் சொல்லப்போய், போலீஸ்காரர்கள் அவரையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள், அடிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பகலில் அம்மா பாதியாகிவிட்டார். பிறகு அப்பா எங்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்தார். எதிலும் பெயர் கொடுக்காதே. சாட்சி சொல்லாதே. கேஸ் என்று ஒன்றில் பெயர் வந்துவிட்டால் நமக்குப் போக இடமில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கை தூக்காமல் இருந்ததும், கம்பெனியில் மற்றவர்கள் போனசுக்காகக் கூடி நின்றபோது நான் கக்கூசுக்குள் போய் நின்றதும் அந்தப் பாடத்தால்தான். உரிமை என்ற சொல் காதில் விழுந்தாலே அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அது மைக்கில் பேசுகிறவர்களுடைய சொல் என்று நினைத்திருந்தேன்.

இப்போது கம்பெனிக்குள் பாதிக்குப் பாதி இந்தியும் ஒடியாவும்தான் கேட்கிறது. முன்பு மதுரை, தேனி, திருநெல்வேலி என்று வந்தவர்களைப் பார்த்து, 'வெளியூர்க்காரங்க வந்து கூலியைக் கெடுத்துட்டாங்க' என்றார்கள். எங்களைப் பார்த்தும் சொன்னார்கள். இப்போது எங்கள் முகாமிலேயே தண்ணீர்க் குழாயடியில், "வடக்கால இருந்து வந்து எங்கட வேலையைப் பறிச்சுப்போட்டாங்கள்" என்று கதைக்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் எதிர்த்துச் சொன்னதில்லை. குழாயடியில் சண்டை வந்தால் தண்ணீர் பிடிக்க முடியாதே.

அந்த ஒடிசாப் பிள்ளைகளில் ஒருத்தி மினதி. மலைப்பக்கத்து ஊர். இருபது வயது இருக்கும். ஒரு ஏஜென்ட் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவள், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். வரும்போது நூல் பிசிர் வெட்டுகிற வேலைக்கு வந்தவள், சாப்பாட்டு நேரத்தில் சும்மா நிற்கிற மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து தானே பழகி டெய்லர் ஆகிவிட்டாள். டெய்லர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் புரியும். ஒருநாள் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நீ எந்த ஸ்டேட்?" என்றாள். ஸ்ரீலங்கா என்றேன். "அது தமிழ்நாடுக்குக் கீழேவா?" ஓம், கீழே என்றேன். "ட்ரெயின் எவ்வளவு நேரம்?" ட்ரெயின் இல்லை, கடல் என்றேன். அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்போ நீ ஊருக்குப் போக போட் டிக்கெட் முன்னாடியே போடணும்" என்று எனக்காகக் கவலைப்பட்டாள். எனக்காக இன்னொருத்தர் கவலைப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போனது. அவர்கள் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே விடுவார்கள். வார்டன் கூட வருவார். போகும்போது ஒரு கையெழுத்து, வரும்போது ஒரு கையெழுத்து. அதை அவள் குறையாகச் சொன்னபோது, எனக்கு அது குறை என்றே தோன்றவில்லை. நான் வளர்ந்ததே அப்படித்தானே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஏற்றுமதி வேலையில் ஊசிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய்ச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்து, முழு ஊசியாகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவார். எங்கே கிடைத்தது என்றும் எழுதுவார். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துணுக்குக் குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கிற சட்டைகள் எல்லாம் சிவப்புப் பெட்டிக்குள் போய்விடும். துண்டு கிடைக்கும் வரைக்கும் லைன் நிற்கும்.

சரக்குப் போகவேண்டிய வாரத்தில் ஒருநாள் காலையில் டீ முடிந்த கையோடு மினதியின் ஊசி உடைந்தது. மேல் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முனையைக் காணோம். சாந்தாமணி அக்கா காந்தக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார். டெய்லர்கள், கைமடிகள், அயர்ன்காரர்கள் எல்லாரும் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தார்கள். பழைய ஊசிகள், ஊக்குகள், யாரோ தொலைத்த தோட்டுத் திருகாணிகூடக் கிடைத்தது. முனை மட்டும் இல்லை.

"இந்திக்காரப் புள்ளைக்கு மெஷினக் குடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னனுங்க" என்றார் ஒரு அயர்ன்காரர், மேசைக்கு அடியிலிருந்து.

"அவ ஒடிசாங்க" என்றார் சாந்தாமணி அக்கா.

"எதுவா இருந்தா என்னங்க, ஊசி போச்சே."

"போன வாரம் நீங்க ஒரு சட்டையச் சுட்டுப் பொசுக்குனீங்களே, அது எந்த பாஷைலீங்க பொசுங்குச்சு?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்தார். எல்லா பண்டலையும் டிடெக்டருக்கு அனுப்பச் சொன்னார். மெஷின் நிற்பதால் சும்மா இருந்த மினதியிடமே அவற்றைத் தூக்கிவரச் சொன்னார்.

அவள் ஒவ்வொரு சட்டையாகப் பெல்ட்டில் வைக்க, நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் எரியவில்லை. பாதி முடிந்திருக்கும். ஒரு குட்டிச் சட்டையின் கை சுருண்டு மெஷின் வாயில் மாட்டிக்கொண்டது. மினதி சட்டென்று கையை நீட்டி உள்ளே தள்ளினாள். பெல்ட் நின்றது. சிவப்பு எரிந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "கிடைச்சிட்டுது" என்று அந்தச் சட்டையை எடுத்து உதறினேன். தடவினேன். இரண்டாவது முறை உள்ளே விட்டேன். அது பேசாமல் மறுபக்கம் போய் விழுந்தது. திருப்பிப் போட்டு விட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை.

பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். வலதுகை ஆள்காட்டி விரலில் கட்பீஸ் துணியைச் சுற்றி, மற்ற விரல்களுக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

"மினதி, இன்னொருக்கா தள்ளு."

இடதுகையால் தள்ளினாள். எரியவில்லை.

"அந்தக் கையால."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பிறகு மெதுவாக அந்தக் கையை நீட்டினாள். சிவப்பு எரிந்தது.

ஊசி விரலில் ஏறுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஏறிய ஊசி உள்ளே உடைந்து தங்குவதுதான் கெட்டது. அதுவும் டெய்லருக்கு ஆள்காட்டி விரல். அது மடங்காமல் போனால் மறுபடியும் பிசிர் வெட்டத்தான் போகவேண்டும். "ஏன் சொல்லேல்ல?" என்றேன். பதற்றத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவளுக்குப் புரிந்தது.

"அக்கா, சொல்லாதே. ஏஜென்ட் சொல்லியிருக்கு, கை கெட்டுப்போனா ட்ரெயின் ஏத்திடும். ஊருக்குப் போனா கல்யாணம் பண்ணிடுவாங்க. நான் திரும்ப வரமுடியாது. நீ சும்மா துணி ஓட்டு. துணியில இரும்பு இல்லதானே. நான் ஹாஸ்டல் போயி பின் வெச்சு எடுக்கும்."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. துணியில் இரும்பு இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகாது. நான் பேசாமல் இருந்தால் என் பெயர் எதிலும் வராது. ஆனால் முனை கிடைக்காமல் லைன் ஓடாது. கிடைக்கும்வரை தேடுவார்கள், கிடைக்காவிட்டால் அவளைத்தான் கேட்பார்கள். இதற்கிடையில் அந்த விரல் வீங்கும், பழுக்கும். நான் சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் எழுத்து. எழுத்து என்றால் யார் கண்டது என்று கேட்பார்கள். கண்டது நான் ஒருத்திதான். அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. அதே நேரம், அப்பாவைக் கொண்டுபோன அந்தப் பகல் முழுக்க முகாம் வாசலில் நின்ற அம்மாவின் முகமும் வந்தது. அன்றைக்கு அப்பாவுக்காக ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்கு ஒரு மனிதர் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் போலவே பெயர் கொடுக்கப் பயந்தவர்கள்.

நான் கதவைத் திறந்துகொண்டு போனேன். "அக்கா, ஊசி கிடைச்சிருச்சுங்க."

"அப்பாடா, சாமி. எங்கீங்க?"

"மினதி கையிலீங்க."

சாந்தாமணி அக்காவின் முகம் மாறியது. "கையில வெச்சுக்கிட்டா இத்தன சனத்தையும் தரையில தவழ உட்டா?"

"கையில இல்லீங்க. கைக்குள்ள. விரலுக்குள்ளீங்க."

அக்கா வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தார். விரல் நுனி கறுத்து வீங்கியிருந்தது. "அட என்ன புள்ள நீ" என்று முதலில் தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்த நிமிடமே சரக்கு நினைவுக்கு வந்துவிட்டது. "தெரு முக்குல நம்ம டாக்டர் இருக்காருங்க. சித்த நேரத்துல எடுத்துப் போடுவாரு. ஆருக்கும் தெரியவேண்டாம்."

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போகோணும்" என்றேன். சம்பளத்தில் பிடிக்கிற பணத்துக்கு வைத்தியம் பார்க்கிற அரசாங்க ஆஸ்பத்திரி அது. இதைச் சொல்வது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? அங்க போனா எங்க ஆச்சு, எப்புடி ஆச்சு, ஆரு பாத்தாங்கன்னு எழுதுவாங்க. வெளிநாட்டுக்காரங்க அனுப்புற ஆடிட்காரன் அதப் புடிச்சுக்குவான். மேனேஜரு என்னையத் தின்னுபோடுவாரு."

"நாளைக்கு விரல் மடங்காமப் போச்சுன்னா? எழுதி இருந்தாத்தானே அவளுக்கு வைத்தியம் பாப்பாங்க, லீவுக்குச் சம்பளம் கிடைக்கும். முக்கு டாக்டரு கிட்டப் போனா, இவளுக்கு இங்க அடியே படலைன்னு ஏஜென்ட் சொல்லிருவானுங்க."

"செரி, ஆரு பாத்தாங்கன்னு கேட்டா நீங்க சாட்சி போடுவீங்களா? உங்க ஆளுங்க எதுக்கும் பேரு குடுக்க மாட்டீங்களே."

அது உண்மைதான். அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மினதி எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது என் மேசையில் கிடந்த பேனாதான் கண்ணில் பட்டது. நாள் தவறாமல் யாரென்றே தெரியாத குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று என் பெயரை எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். அதற்கு மட்டும் நான் ஒருநாளும் தயங்கியதில்லையே.

"போடுறனுங்க" என்றேன். "ரிஜிஸ்டர்ல துண்டு எங்க கிடைச்சதுன்னு நீங்க எழுதோணும். விரலிலன்னு எழுதினா டாக்டர் சீட்டு வேணும். தரையில கிடைச்சுதுன்னு எழுதினா, இந்த லாட்டுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். சாந்தாமணி அக்கா என்னை முதன்முதலாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். வேலை போய்விட்டது, இனி இவருக்கு எப்படிச் சொல்வது, எங்கள் பிள்ளையின் காலேஜ் படிப்பு என்ன ஆகும் என்று என் மனம் அதற்குள் தாராபுரம் ரோடு வரை ஓடிவிட்டது. அக்கா போனை எடுத்து மேனேஜருக்கு அடித்தார். "ஆமாங்க. இல்லீங்க. உங்க புள்ளைக்கு ஏறுனா முக்குக்குத்தான் கூட்டீட்டுப் போவீங்களாங்க? செரீங்க. வண்டிய அனுப்புங்க. நீங்க அனுப்பாட்டி நான் ஆட்டோ புடிச்சுக்கறனுங்க, அதையும் ஆடிட்காரங்கிட்டச் சொல்லிக்கறனுங்க." இவ்வளவு 'ங்க' ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாடி கண்ணு, நீயும் ஏறு" என்றார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மினதிக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாருடைய அட்டைகளையும் வார்டன் ரப்பர் பேண்ட் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார். தொலைத்துவிடுவார்கள் என்று வைத்திருந்தாராம். அக்கா போய் அவளுடையதை வாங்கி வந்தார். வண்டியில் போகும்போது மினதி அந்த அட்டையில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இது என்னுதா? எப்போதிலிருந்து?" என்று கேட்டாள். நீ வந்ததிலிருந்து என்றார் அக்கா. கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கிளார்க் என்னைக் கூப்பிட்டார். பார்த்தது யார் என்றார். நான் என்றேன். பெயர் சொன்னேன். விலாசம் கேட்டார். முகாம் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சிலோனுங்களா?"

"ஆமாங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைக்கு மேலே குனிந்து குரலைத் தாழ்த்தினார். நானும் குனிந்தேன்.

"உங்க முகாம்ல நல்லாப் பெயிண்ட் அடிக்கிறவங்க இருக்காங்களாமுங்க. எங்க ஊட்டுக்கு ஒரு ஆளு வேணும். லோக்கல் ஆளுக நாளைக்கு நாளைக்குன்னே இழுத்தடிக்கிறானுங்க."

என் வீட்டுக்காரரே பெயிண்டர்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே, இது லஞ்சம் மாதிரி ஆகிவிடுமோ என்று வேறு பயம் வந்தது. அவர் சந்தோஷமாக ஒரு துண்டுச் சீட்டில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இத்தனை காலம் பயந்த காரியம் அவ்வளவு சின்ன இடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு விரற்கடை அகலம்கூட இல்லை.

டாக்டர் முனையை எடுத்து ஒரு சின்னப் போத்தலில் பஞ்சுக்கு மேல் போட்டுக் கொடுத்தார். எள்ளளவுதான் இருந்தது. சாந்தாமணி அக்கா அதை வாங்கித் தன் பர்சில், சிவன்மலைத் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பெனிக்கு வந்ததும் ரிஜிஸ்டரில் இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒட்டினார். முழு ஊசியாகிவிட்டது. எங்கே கிடைத்தது என்ற இடத்தில், 'டெய்லரின் விரலில்' என்று எழுதி டாக்டர் சீட்டைப் பின் பண்ணினார். நான் மிச்சச் சட்டைகளையும் ஓட்டிவிட்டு என் கையெழுத்தைப் போட்டேன். லைன் ஓடியது. அந்த அயர்ன்காரர் மட்டும், "வெரல்ல இருந்த ஊசிக்கு என்னையத் தவழ வெச்சுட்டீங்களே" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்ட் வந்தான். கை சரியாகும்வரை ஊருக்குப் போகட்டும், டிக்கெட் போடுகிறேன் என்றான். சாந்தாமணி அக்கா வாசலிலேயே நிறுத்தி, "அவளுக்கு ஆஸ்பத்திரில லீவு எழுதிக் குடுத்திருக்குதுங்க. கட்டுப் பிரிக்க இங்கதான் வரோணும். நீங்க வேணுமின்னா ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார். அன்று சாயங்காலமே ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் வார்டன் அறை வாசலில் போய் நின்றுவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அவரவர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியே போக வார்டன் கூட வருவது இன்னும் மாறவில்லை. அதையும் கேட்கவேண்டும் என்று மினதி சொல்கிறாள். என்னை முன்னால் நிற்கச் சொல்கிறாள். பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னபோது, "நீயோ? நீ கையெழுத்துப் போட்டனியோ?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கிளார்க் வீட்டுக்கு இளநீலம் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார், நல்ல மனிதர்கள், மத்தியானம் சாப்பாடு போட்டார்கள் என்றார். நான் மட்டும் கொஞ்ச நாள், முகாம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நின்றேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. வழக்கம்போல் கணக்கெடுக்க வருகிறவர்தான் வந்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், போனார்.

மினதிக்குத் தையல் பிரித்த அன்று நான் அரைநாள் லீவு போட்டுக் கூடப் போனேன். விரல் மடங்குகிறது. நுனியில் கொஞ்சம் மரத்திருக்கிறது, போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் தன் அம்மாவுக்கு வீடியோ போட்டாள். திரையில் ஒரு மெலிந்த முகம் வந்தது. மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி. பின்னால் மலை, அதற்கு முன்னால் ஒரு கோழி. மினதி விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். அந்த அம்மா அழுதார், பிறகு திட்டினார், பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நான் "ஓம், ஓம், சுகம்" என்றேன். அவருக்கும் புரிந்திருக்காது. அவர் மறுபடியும் கேட்க, மினதி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒடியாவில் பதில் சொன்னாள். அந்த வேகமான பேச்சுக்குள்ளே ஒரே ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. திருப்பூர்.

"என்ன சொன்னாய்?" என்றேன்.

"இந்த அக்கா யாருன்னு கேட்டாங்க. எந்த ஊரு ஆளுன்னு. திருப்பூர் ஆளுன்னு சொல்லிட்டேன்."

முகாமில் கூப்பிடுகிறவர் என்னை இலங்கை என்கிறார். மன்னாரில் இருக்கிற பெரியம்மா போனில், "இந்தியாக்காரி, எப்பவடி வாறாய்?" என்கிறார். என்னைத் திருப்பூர்க்காரி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இந்த ஊரில் யாரும் சொல்லாததை, ஒடிசாவில் இருந்து வந்தவள் ஒடிசாவில் இருக்கிறவருக்குச் சொல்லிவிட்டாள். இல்லை என்று திருத்தலாமா என்று நினைத்தேன். திருத்தினால் எதைச் சொல்வது. அதற்குள் அந்த அம்மா அங்கே கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். "கிட்டே வா அக்கா, நீ தெரியல" என்று மினதி என் தோளைப் பிடித்து இழுத்தாள். திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் எங்களைப் பார்த்தேன். அவள் முகம் முழுதாக இருந்தது. என் முகத்தில் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் மட்டும் உள்ளே விழுந்திருந்தது. மிச்சம் கட்டத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.